நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

லோகநாயகி மண்ணூர்பேட்டைக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தலை மோதியது. தலை என்று அவளுக்கு அப்போது தெரியாது. பக்கத்து போர்ஷனில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டாவது தடவை மோதியபோது சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. கூடவே ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. சோற்றுக் கையோடு எழுந்து வெளியே வந்தாள். காம்பவுண்டுக்குள் ஓர் ஆள்கூட இல்லை. மூலை போர்ஷனில் டிவி சத்தம் ஏறியது. மாடிப்படிக்குப் போட்டிருந்த கிரில் கேட்டை ஹவுஸ் ஓனர் மங்களம் இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்தது. மற்றதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது.

என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஊராக இருந்தால் தெரிந்திருக்கும். வலது கை மட்டும் பருக்கைகளோடு முறுக்கிக்கொண்டு நின்றது. அந்தக் கை அப்படித்தான், அவளைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யாது. அந்தக் கையால்தான் அவள் இவ்வளவு தூரம் வரவேண்டியதாயிற்று.

சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்திலிருந்து காலேஜ் வரைக்கும் கபடி ஆடியவள். மாவட்ட அணியில் ஓரத்தில் நின்று பிடிக்கிற ஆட்டக்காரி. பாடி வருகிறவளின் கணுக்கால் லோகநாயகியின் கைக்குள் போய்விட்டால், வந்தவள் நடுக்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான். படிப்பு முடிந்ததும் அத்தை மகனுக்குப் பேசி முடித்தார்கள். அந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில், கூடப் படித்த ஒருவனிடம் நின்று பேசினாள் என்று அத்தை மகன் ஊர் பார்க்க அவளை அறைந்தான். அவள் குனிந்தாள். அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவன் காலை வாரினாள். மாப்பிள்ளையின் முன்பல் இரண்டும் கோயில் மைதானத்து மண்ணிலேயே தங்கிவிட்டன. ஊர் முழுக்க அந்தப் பல்லைப் பற்றித்தான் பேசியது. அறையைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அத்தை வீட்டார் சம்பந்தத்தை முறித்திருந்தாலாவது நிம்மதியாகப் போயிருக்கும். அவர்கள் முறிக்கவில்லை. கட்டிக்கொண்டு போகிறோம், அடங்க வேண்டிய இடத்தில் அடங்குவாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் தலையாட்டினார்.

அழுது, பட்டினி கிடந்து பார்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் அப்பா ஒரு வருஷம் தவணை கொடுத்தார். அப்பா சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்போதும் மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு பிராது வரட்டும்ட்டி. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போவேன். வந்த கையோட கல்யாணம்."

சொன்னதோடு விடாமல் மங்களத்திடம் தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, இந்த அறை இருக்கிற வரைக்கும்தான் லோகநாயகிக்கு இந்த ஊர். அறை போனால் அத்தை மகன்.

அந்த அறைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தனியாக இருக்கிற பெண்ணுக்கு அம்பத்தூரில் வீடு கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். சிங்கிளா, யார் வந்து போவார்கள், ராத்திரி ஷிப்ட் உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பாதி திறந்த கதவுக்குள் நின்றபடியே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மங்களம் ஒருத்திதான் முழுக் கதவையும் திறந்தாள். கட்டளை இரண்டு. ஆம்பளை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. சண்டை என்று ஒரு சத்தம் வெளியே கேட்கக் கூடாது. மற்றபடி பாத்ரூம் வெளியே, போர் தண்ணீர் உப்பு, பெரிய மழை வந்தால் ஒரு மூலை ஒழுகும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும் என்றாள். லோகநாயகி பண்ணிக்கொண்டாள்.

இந்த ஊரும் அவளைச் சும்மா வரவேற்கவில்லை. எஸ்டேட் பஸ்ஸில் பின்னால் நின்று உரசியவனின் விலாவில் ஒருநாள் முழங்கையை இறக்கினாள். அவன் மூச்சுத் திணறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போனான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ யார் மகள் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு இந்த ஊரை மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற பூபாலனின் விரல்கள் இரண்டு மெஷினோடு போயின. அவர் போட்ட சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. டீ நேரம் முடிவதற்குள் மெஷினைக் கழுவித் துடைத்து வேறு ஆளை நிறுத்தினார்கள். அங்கேயும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். லோகநாயகியும் பார்த்தாள். கார் கதவுகளுக்குப் போகிற பூட்டுகளைச் சோதிப்பது அவள் வேலை. ஒவ்வொன்றாக மாட்டி, இழுத்து, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நாளெல்லாம் பூட்டு சரிபார்க்கிறவள் தன் வீட்டுக் கதவை என்ன செய்தாள் என்பதுதான் பின்னால் வருகிற கூத்து.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் பழகவில்லை. மத்தியானம் சுவர் அதிர ஆரம்பித்ததும் முதலில் வாசலில் போய் நின்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து காதைப் பொத்தினாள். ஆனி மாதம் வந்தபோது போனில் பாட்டை வைத்துச் சத்தத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் கூட்டினாள்.

பக்கத்து போர்ஷன்காரன் கங்காதரன். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுப் பார்த்தால் அவனைப்போல ஒரு தங்கமான ஆள் கிடையாது. எஸ்டேட் கம்பெனிகளுக்குக் குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவன். தோளுக்கு ஒன்றாக இரண்டு கேன்களைச் சுமந்துகொண்டு மாடி ஏறுவான். லோகநாயகிக்கும் அவன்தான் தண்ணீர். கேனை வாசலில் இறக்கி, "தங்கச்சி, தண்ணி வச்சிக்கீறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ஒருநாளும் அவன் கால் நிலைப்படியில் பட்டதில்லை. கேன் கனமாயிற்றே, உள்ளே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கூடக் கேட்டதில்லை. அவளே கட்டிப்பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள்.

இதைத்தான் அவள் தப்பாகப் படித்தாள். அவள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அடுத்தவன் வீட்டு நிலைப்படியை மிதித்து எவனும் கை நீட்ட மாட்டான். அடி தாங்காமல் ஓடிவருகிற பெண் பக்கத்து வீட்டு நிலையைத் தாண்டிவிட்டாள் என்றால், துரத்தி வந்தவன் தெருவில் நின்று கத்திவிட்டுப் போகவேண்டியதுதான். அந்த வீட்டுக்காரி கதவைச் சாத்தக்கூட மாட்டாள். திறந்த வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாத்தினால் வந்தவனை நம்பவில்லை என்று அர்த்தம். அது அவனுக்கு அவமானம், அதன்பிறகு வெட்டுக்குத்துதான். கங்காதரன் நிலைப்படியை மதிக்கிற மதிப்பைப் பார்த்து, இவனும் நம்ம ஊர் மாதிரி ஆள்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆம்பளை உள்ளே வரக்கூடாது என்ற மங்களத்தின் கட்டளைக்குப் பயந்து அவன் வெளியே வைத்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவன் பெண்டாட்டி எல்லம்மா மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் காய் வெட்டுகிற வேலை. வாய் ஓயாது. லோகநாயகி பேசுகிற தமிழைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள், வறுத்த மீனைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவாள். இந்த ஊரில் லோகநாயகி சாப்பிட்டாளா என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். ஒரு திங்கட்கிழமை துணி துவைக்கிற கல்லருகே அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"கன்னத்துல என்னக்கா?"

"கதவு இட்ச்சிட்ச்சி. வேற இன்னா?"

"ஞாயித்துக்கிழமை மட்டுமாக்கா கதவு இடிக்கும்?"

எல்லம்மா சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அப்போதுதான் லோகநாயகி தன் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அடுத்த தடவை கை ஓங்கினால் தன் அறைக்கு வந்துவிட வேண்டும், நிலையைத் தாண்டினால் போதும், கங்காதரன் அண்ணன் அதற்குமேல் வரமாட்டார் என்றாள்.

"வருவான்டி," என்றாள் எல்லம்மா.

"வரமாட்டாவ. தண்ணி கேனைக்கூட வெளியதான வச்சிட்டுப் போறாவ."

எல்லம்மா பிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா, சொல்லத் தெரியாது. ம் என்றுவிட்டுத் துணி காயப்போடப் போனாள். லோகநாயகிக்கு மனசு லேசாகிவிட்டது. சத்தம் வராது, சண்டை வராது, நிலைப்படி பார்த்துக்கொள்ளும், அறைக்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டாள். கணக்கு அவள் ஊர்க் கணக்கு.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. காம்பவுண்டு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. குழம்பில் உப்பு தூக்கல் என்றுதான் ஆரம்பித்தது. கிண்ணம் பறந்து சுவரில் பட்டது, பிறகு தலை பட்டது. மாடியில் கிரில் கேட் பூட்டப்பட்டது. மூலை வீட்டு டிவி ஏறியது. லோகநாயகி போனை எடுத்தாள், பாட்டை வைக்கத்தான் எடுத்தாள். அதற்குள் எல்லம்மா வாசலில் நின்றாள். நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. தலைமுடியில் குழம்பு. தடுக்கி விழப் போகிறவளாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, சமையல் மேடைக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒண்டிக்கொண்டாள்.

"கதவ சாத்துடி."

"வேண்டாம்க்கா. வரமாட்டாவ."

லோகநாயகி கதவை விரியத் திறந்து வைத்தாள். இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் ஊரில் பெண்கள் நிற்பது போலவே நின்றாள். பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

கங்காதரன் வந்தான். கையில் வண்டி டயர் கழற்றுகிற இரும்பு லீவர். தங்கச்சி என்று கூப்பிட்ட அதே முகம்தான், கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, இது என் வீடு" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கையால் அவள் முகத்தைப் பிடித்துத் தள்ளினான். நிலையில் அவள் பின்மண்டை இடித்தது. நிலைப்படி என்று ஒன்று அங்கே இருப்பதே தெரியாதவனாக, செருப்புக் காலோடு அவள் பாயை மிதித்துக்கொண்டு உள்ளே போனான். எல்லம்மா முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினாள். லீவர் அந்தக் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் லோகநாயகிக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லம்மா கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

அவன் மறுபடி லீவரை ஓங்கினான். அப்போது அவன் பின்னங்கால் பாயில் ஊன்றியிருந்தது. லோகநாயகி யோசிக்கவில்லை. தரையோடு தரையாகப் பாய்ந்து அந்தக் கணுக்காலை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்து, தோளைக் கொடுத்து இழுத்தாள். இரண்டு கேன் சுமக்கிற உடம்பு அப்படியே முன்னால் விழுந்தது. தாடை சமையல் மேடையின் கடப்பைக்கல் விளிம்பில் மோதியது. பல்லோ நாக்கோ ஏதோ கிழிந்து வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்படியும் லீவரை விடவில்லை, திரும்பிப் படுத்தபடியே வீசினான். அவள் முழங்காலில் ஓர் அடி விழுந்தது. அந்த வலி அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

ஓரத்தில் தண்ணீர் கேன் இருந்தது. நேற்று அவன் கொண்டுவந்து வைத்தது, இன்னும் திறக்காதது. கட்டிப்பிடித்துத் தூக்கினாள். தரையில் லீவரோடு கிடந்த அவன் கையின் மேல் போட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை கேன் வெடித்துத் தண்ணீர் அறை முழுக்க ஓடியது. ரத்தம், குழம்பு, தண்ணீர் எல்லாம் கலந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே வழிந்தது. அவன் விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. நெஞ்சின் மேல் முழங்காலைப் போட்டு முகத்தில் குத்தினாள். அத்தை மகன், பஸ்ஸில் உரசியவன், பாதிக் கதவைத் திறந்து இல்லை என்று சொன்ன வீட்டுக்காரர்கள், எல்லோரையும் சேர்த்துக் குத்தினாள். சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷம்தான் பிற்பாடு அவளைப் பயமுறுத்தியது.

பின்னாலிருந்து யாரோ அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். எல்லம்மா. ஒரு கை தொங்க, இன்னொரு கையால் இழுத்தாள்.

"உட்ருடி. செத்துடப் போறான். என் புருசன்டி அவன்."

அதுவரைக்கும் யாருமில்லாத காம்பவுண்டில் இப்போது கூட்டம். மூலை வீட்டில் டிவி நின்றுவிட்டது. கிரில் கேட்டைத் திறந்துகொண்டு மங்களம் இறங்கி வந்தாள், கையில் போனோடு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆட்டோவில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கேட்டவர்களிடம் எல்லம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாளாம். அவன் வண்டியிலிருந்து கேன் சரிந்ததாகச் சொன்னானாம். பெண்பிள்ளை அடித்தாள் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும். கேஸ் எதுவும் ஆகவில்லை.

அவர்கள் போன பிறகு மங்களம் லோகநாயகியிடம் வந்தாள். அறையை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரவுடி என்று தெரிந்திருந்தால் வீடு கொடுத்திருக்கமாட்டேன், உடனே காலி பண்ண வேண்டும் என்றாள். அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது, பஸ் ஏறுகிறாராம் என்றும் சொன்னாள். லோகநாயகி துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள். பிராது போய்விட்டது. அத்தை மகன் பொய்ப்பல் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் போனாள். வீங்கிய முழங்காலோடு நின்று பூட்டுகளை மாட்டி, இழுத்து, விழுகிறதா என்று பார்த்தாள். எல்லம்மாவின் கை முறிந்த சத்தம் ஒவ்வொரு பூட்டிலும் கேட்டது. சாயங்காலம் திரும்பி வந்தபோது எல்லம்மா அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல், பக்கத்தில் துணி திணித்த ஒரு பை.

"நீ கதவ சாத்தியிருந்தா என் கை ஒட்ஞ்சிருக்காது."

உண்மை அதுதான். லோகநாயகி மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கங்காதரன் ஆஸ்பத்திரியிலிருந்தே நசரத்பேட்டையில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான் என்றாள். கை ஆறுகிற வரைக்கும் வரமாட்டான், ஆறினதும் வருவான், அவனை எனக்குத் தெரியாதா என்றாள். அதுவரைக்கும் தன் வீட்டில் தனியாகப் படுக்கப் போவதில்லை, இங்கேதான் இருக்கப் போகிறேன் என்றாள்.

"எங்கக்கா இருப்பீய? என்னையே காலி பண்ணச் சொல்லிட்டாவ."

"அதெல்லாம் பேசிட்டேன். அவள காலி பண்ண சொன்னீனா நேரா ஸ்டேஷனுக்குப் போவேன், நடந்தத நடந்தமேரி சொல்லுவேன், நான் கத்தும்போதெல்லாம் கிரில்ல பூட்டிக்கினு குந்திக்கினு இருந்தது யாருன்னும் சொல்லுவேன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னு சொல்ட்டு வந்துட்டேன்."

லோகநாயகிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. எல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையை மாடிப்பக்கம் ஆட்டினாள்.

"உங்கப்பா மேல கீறாரு. காலைலயே வந்துட்டாரு. காபி குட்ச்சிக்கினு கீறாரு."

இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். எல்லம்மா அதே இடுக்கில், பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாடிப்படியில் அப்பாவின் காலடி இறங்கி வந்தது. வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கையில் மஞ்சள் பை. அவளை மேலும் கீழும் பார்த்தார். உன் பையை எடு, எட்டு மணிக்கு பஸ் இருக்கிறது என்றார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலையை விடமுடியாது, அறையும் போகவில்லை, ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொண்டாயிற்று என்று சொன்னாள். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குரலும் ஏறவில்லை.

"நிலைய மிதிச்சு உள்ள வந்தாம்ப்பா. அதான் அடிச்சேன்," என்றாள். அவருக்காவது அது புரியும் என்று நினைத்தாள்.

"அடுத்தவன் நிலைய மிதிச்சது அவன் தப்பு. நீ என் வீட்டுப் பிள்ள. என் வீட்டுப் பிள்ளைய இழுத்துட்டுப் போக எனக்கு எந்த நிலையும் குறுக்க நிக்காது."

சொல்லிவிட்டு வலது காலைத் தூக்கினார்.

அந்தக் காலைப் பார்த்ததும் லோகநாயகிக்கு ஊர் வீடு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு இடது காது கேட்காது. போன் பேசினால் வலது காதுக்கு மாற்றிக்கொண்டுதான் பேசுவாள். லோகநாயகியின் சின்ன வயதில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அப்பா அடித்த அடியில் போன காது அது. அப்போதும் அவர் சத்தம் போடவில்லை. அம்மாதான் கத்தினாள். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் ஆட்கள் நின்றார்கள், பெண்களும் நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. அடுத்தவன் வீட்டு நிலைப்படியை மிதிப்பது மரியாதை இல்லையே. இத்தனை வருஷமாகத் தன் ஊர்ச் சட்டத்தில் பாதியை மட்டும்தான் அவள் ஞாபகம் வைத்திருந்தாள். இங்கே டிவி சத்தத்தை ஏற்றுகிறார்கள், அங்கே மரியாதை என்கிறார்கள்.

அப்பாவின் கால் நிலைப்படிக்கு மேலே வருவதற்குள் லோகநாயகி கதவைச் சாத்தினாள்.

பெற்ற மகள் முகத்தில் கதவைச் சாத்துவாள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பிறகு கதவில் அடி விழுந்தது. கையால் ஒன்று, பிறகு காலால். அப்பாவின் குரல் ஏறியது. பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத சத்தம், கேட்டிராத வார்த்தைகள். கதவு அதிர அதிர அவள் முதுகைக் கொடுத்து நின்றாள். மாடியில் கிரில் கேட்டை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது. மூலை போர்ஷனில் டிவி ஏறியது. எல்லம்மா எழுந்து வந்து, மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் முதுகையும் கதவில் கொடுத்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ. அடி ஓய்ந்தது. வெளியே அப்பா யாரிடமோ போனில் மூச்சு வாங்க வாங்கப் பேசுவது கேட்டது. உன் மகள் என்று ஆரம்பித்ததால் அம்மாவிடம்தான் என்று தெரிந்தது. பேச்சு நின்ற கொஞ்ச நேரத்தில் லோகநாயகியின் போன் அடித்தது. எடுத்தாள். அம்மா போனை வலது காதுக்கு மாற்றிக்கொள்கிற சரசரப்பு கேட்டது.

"கதவச் சாத்திட்டியாமே," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

அம்மா திட்டப் போகிறாள், அழப் போகிறாள், திறந்துவிடு என்று கெஞ்சப் போகிறாள் என்று லோகநாயகி காத்திருந்தாள்.

"தாப்பாள் போட்டியா?"

லோகநாயகி திரும்பிப் பார்த்தாள். போடவில்லை. இவ்வளவு நேரமும் முதுகால்தான் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எல்லம்மா இடது கையால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"போட்டாச்சும்மா."

"சரி, சாப்பிடு," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.